தோரோங் லா தாண்டிய பிறகு வரும் இறக்கம்: 1,650 மீட்டரை எப்படிச் சமாளிப்பது?

குறிஞ்சிமலர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வர்ற அக்டோபர்ல நானும் அக்காவும் நேபாளத்துல அன்னபூர்ணா மலைகளைச் சுத்தி வர்ற அன்னபூர்ணா சர்க்யூட் நடக்கப் போறோம். பயணத் திட்டத்துல ஒரு நாளைக்கு ஒரே வரிதான் போட்டிருக்கு: "தோரோங் ஃபேடி – தோரோங் லா – முக்திநாத்". ஃபேடி அடிவாரத் தங்கல், தோரோங் லா கணவாய், முக்திநாத் அந்தப் பக்கத்து ஊர். ஏற்றத்தைப் பத்தித் தேடினா பக்கம் பக்கமா கிடைக்குது. எத்தனை மணிக்குக் கிளம்பணும், உயரக் கோளாறுக்கான டயாமாக்ஸ் மாத்திரை போடலாமா, தலைவலி வந்தா என்ன பண்ணணும், எல்லாம் இருக்கு. கணவாய்ல இருக்கிற 5,416 மீட்டர் பலகை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்ததோட எல்லாரும் எழுதுறதை நிறுத்திடுறாங்க. அங்கிருந்து முக்திநாத் சுமார் 3,760. அப்படின்னா 1,650 மீட்டர் இறங்கணும், அதுவும் விடியக்காலைல ஆயிரம் மீட்டர் ஏறின கால்களோட.

அக்காவுக்கு 46 வயசு. சமதளத்துல என்னைவிட நல்லா நடப்பாங்க. ஆனா படி இறங்கும்போது இடது முட்டிக்கு முன்னாடி வலிக்குதுன்னு சொல்வாங்க. இந்த ஒரு நாளுக்காக என்ன தயாரிப்பு பண்ணணும்? நடுவுல எங்கயாவது தங்கி ரெண்டா பிரிச்சுக்கலாமா? போய் வந்தவங்க சொல்லுங்க.

---

நெடுவழி

நல்ல கேள்வி. சர்க்யூட்ல பலபேருக்குக் கால் போறது இந்த இறக்கத்துலதான். ஆனா பயண ஏற்பாட்டாளர்கள் இதை "கணவாய் தாண்டிய பிறகு சுலபமான இறக்கம்"னு எழுதிடுறாங்க. அந்த வரியை நம்பாதீங்க.

பாதை மூணு விதமா இருக்கும். கணவாய்ல இருந்து முதல் பகுதி சரளைக் கல்லும் பனியாறு விட்டுப்போன மேடுகளும். சரிவு கடுமை இல்ல, ஆனா அக்டோபர் கடைசில பனி பெஞ்சிருந்தா இறுகிப்போய்க் கிடக்கும். மனாங் பக்கம் கிழக்கு, முஸ்தாங் பக்கம் மேற்கு. அதனால நீங்க காலைல எட்டு மணிக்கு மேல நிக்கும்போது ஏறி வந்த பக்கம் வெயில் இருக்கும், இறங்கப்போற பக்கம் நிழல்ல உறைஞ்சிருக்கும். ஷூவுக்கு அடியில மாட்டுற இரும்பு முள்ளை (மைக்ரோஸ்பைக்) ஏறி முடிச்சதும் கழட்டிப் பைக்குள்ள போட்டுடாதீங்க. முதல் அரைமணி நேரத்துக்கு அது தேவைப்படலாம்.

ரெண்டாவது பகுதிதான் ஆளை வாட்டும். கொண்டை ஊசி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு சராபு வரைக்கும் செங்குத்தா இறங்கும். அங்க ஒன்னு ரெண்டு தங்கும் இடங்கள் இருக்கு, உயரம் சுமார் 4,200 மீட்டர். அதாவது மொத்த இறக்கத்துல 1,200 மீட்டர் அதுக்குள்ளயே முடிஞ்சிடும். தூசிக்குக் கீழ கெட்டி மண், அதுக்கு மேல பட்டாணி அளவுக் கற்கள். ஷூ வச்சதும் கல் உருளும், குதிகால் அரையடி முன்னாடி வழுக்கும், தொடை சட்டுனு இறுகிப் பிடிக்கும். வழுக்கலைன்னாலும் வழுக்கிடுமோன்னு ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இறுகும். களைப்புல பாதி அதனாலதான் வருது.

மூணாவது பகுதி சராபுல இருந்து முக்திநாத். புல்வெளி, அகலமான பாதை, மிதமான சரிவு. தென்மேற்கே தவளகிரி, எதிரே முஸ்தாங்கோட பழுப்பு மலைகள். பாதை நல்லாருக்கும், ஆனா அதை அனுபவிக்கிற நிலைமையில கால் இருக்காது. தொடை நம்ம சொல் பேச்சைக் கேக்காது. கணவாய்ல இருந்து முக்திநாத் மூணு, நாலு மணி நேரம்னு சொல்வாங்க. அக்காவோட முட்டியைக் கணக்குல வச்சு அஞ்சு மணி நேரம்னு போட்டுக்கோங்க.

---

இயன்முறைப்பணி

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவள். ஏன் இறக்கம் இப்படி அடிக்கிறது என்று சொன்னால் தயாரிப்பும் புரியும்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மணிக்கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே மலைப்பாதையில் வண்டி இறக்குவதைப் போன்ற வேலை இது. இப்படி நீளும் தசை குறைந்த சக்தியைத்தான் செலவழிக்கும். அதனால் மூச்சு வாங்காது, இதயம் படபடக்காது, "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே தோன்றும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் சேர்ந்துகொண்டே போகும். வலி உடனே வராது. மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். தசையின் வலு மட்டும் அன்றைக்கே குறைந்துவிடும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: வலி எச்சரிக்கை தருவதற்கு முன்பே கால் பலவீனமாகிவிடுகிறது.

ஆஸ்திரிய ஆல்ப்ஸில் நடைப்பயணிகள் விழுந்து அடிபட்ட விபத்துகளை ஒன்பது ஆண்டு காலத்துக்குத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ முக்கால் பங்கு இறங்கும்போதுதான் நடந்திருந்தது.

நல்ல செய்தியும் உண்டு. தசைக்கு இதில் நினைவாற்றல் அதிகம். ஒரு முறை இறக்கப் பயிற்சி கொடுத்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கம் அந்த அளவு சேதத்தைத் தராது. எனவே அக்காவை ஏற மட்டும் பழக்காதீர்கள், இறங்கப் பழக்குங்கள். மாடிக் கட்டடம் இருந்தால் லிஃப்டில் ஏறி, படியில் இறங்கட்டும். முதல் வாரம் கொஞ்சம், பிறகு கூட்டிக்கொண்டே போய், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு கடினமான பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

ஆனால் படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிப்பது முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான அழுத்தத்தால் இருக்கலாம். அதைப் பரிசோதிக்காமல் பயிற்சியை ஏற்றாதீர்கள். நேரில் காட்டி, தொடையையும் இடுப்பின் பக்கத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சியை எட்டு வாரமாவது செய்ய வேண்டும். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்கி, திரும்ப எழுவது அவற்றில் ஒன்று. அப்போது முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்களுக்கு நேராக இருக்கிறதா என்று நீங்கள் எதிரே நின்று பாருங்கள்.

---

வேகநடை

நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன். மெதுவா இறங்குனாதான் கால் அதிகமா போகும். ஒவ்வொரு அடியிலயும் பிடிச்சுப் பிடிச்சு இறங்குனா தொடைக்கு வேலை இரட்டிப்பாகுது, வெயில்லயும் காத்துலயும் ரெண்டு மணி நேரம் கூடுதலா நிக்கணும். உடம்பைத் தளர்வா விட்டு, சரிவோட போக்குல போனா சீக்கிரம் முடிஞ்சிடும். அங்க போர்ட்டர்கள் இறங்குறதைப் பாருங்க. யாரும் தயங்கித் தயங்கி இறங்குறதில்ல.

---

இயன்முறைப்பணி

வேகநடை சொல்வதில் உண்மை இருக்கிறது. பின்னால் சாய்ந்து, முட்டியை விறைப்பாக வைத்து, நீண்ட எட்டு போட்டு மெதுவாக இறங்குவது மிக மோசமான முறை. குதிகால் இடிக்கும் அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கவும் செய்யும்.

ஆனால் அதற்கு மாற்று வேகம் அல்ல, சின்ன எட்டு. முட்டி லேசாக மடங்கி, உடம்பு பாதத்துக்கு நேர் மேலே, அடிகள் குட்டையாகவும் அடுத்தடுத்தும். அப்படிப் போனால் ஒவ்வொரு அடியிலும் இறங்கும் உயரம் குறைகிறது, தசை தாங்க வேண்டிய சுமையும் குறைகிறது. உருளும் கல்லில் வேகமாகப் போகிறவருக்குத் தவறிய அடியைத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. போர்ட்டர்களின் கால்களுக்குச் சிறுவயது முதல் இறக்கம் பழக்கம். நம் கால்களை அவற்றோடு ஒப்பிட முடியாது.

ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. 25 டிகிரி சரிவில் கோலோடும் கோல் இல்லாமலும் இறங்க வைத்து அளந்த 1999ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கோல் பயன்படுத்தியபோது முட்டியின் மீது விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. ஆயிரக்கணக்கான அடிகளுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். இறங்கும்போது கோலை ஏறும்போது இருந்ததைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ள வேண்டும். காலை வைப்பதற்கு முன் கோல் கீழே ஊன்றியிருக்க வேண்டும். பலர் கால் வைத்த பிறகு கோலை ஊன்றுகிறார்கள், அதனால் பயன் இல்லை.

---

குறிஞ்சிமலர்

ரொம்ப நன்றி. அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். முட்டியைக் காட்ட இந்த வாரமே நேரம் வாங்கிட்டோம்.

ரெண்டு சந்தேகம். ஒன்னு, சராபுலயே தங்கிட்டா? 1,200 மீட்டரோட அன்னைக்கு முடிஞ்சிடும். ரெண்டாவது, கணவாய்க்கு முந்தின ராத்திரி ஃபேடிக்கு மேல இருக்கிற ஹை கேம்ப்ல தங்குறதா, ஃபேடியில தங்குறதா?

---

நெடுவழி

ரெண்டாவது கேள்வி முதல்ல. ஃபேடி சுமார் 4,450, ஹை கேம்ப் சுமார் 4,880. ஹை கேம்ப்ல இருந்து கிளம்பினா கணவாய் வரைக்கும் 540 மீட்டர் ஏறினா போதும், ஃபேடியில இருந்துன்னா கிட்டத்தட்ட 970. இறக்கத்துக்குக் கால் வலுவை மிச்சம் பிடிக்கணும்னா ஹை கேம்ப் நல்லது. ஆனா அங்க ராத்திரி தூக்கம் வராது, தலைவலி வரலாம். அதுக்கு முன்னாடி வர்ற மனாங் ஊர்ல உயரத்துக்கு நல்லா உடம்பைப் பழக்கிட்டு, ஃபேடி வந்து சேரும்போது தலைவலி, வாந்தி உணர்வு எதுவும் இல்லைன்னா மட்டும் மேல போய்த் தங்குங்க. லேசா சந்தேகம் இருந்தாலும் ஃபேடிதான்.

சராபு பத்தி: அக்காவுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனா அதை முக்கியத் திட்டமா வைக்காதீங்க, கையிருப்பா வைங்க. சீசன்ல இடம் கிடைக்காம போகலாம். உயரக் கோளாறு அறிகுறி யாருக்காவது இருந்தா 4,200ல நிக்கக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் கீழ போகணும். முட்டி மட்டும்தான் பிரச்சினைன்னா தாராளமா தங்கலாம். முதல் செங்குத்துப் பகுதியை முடிச்சிட்டு அங்க ஒரு மணி நேரம் உக்காருங்க. உக்காந்த இடத்துல இருந்து எழுந்திருக்கும்போது கை ஊன்றாம எழ முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அன்னைக்கு நடை அங்கயே முடிஞ்சது.

---

பனிமுகடு

இந்த இழையில் காலைப் பற்றியே பேசுகிறோம். வானிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது இறக்கத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

2014 அக்டோபர் 14 அன்று ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இமயமலை வரை வந்து அந்தப் பகுதி முழுக்கப் பெரும் பனிப்புயலாக அடித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் தோரோங் லாவைத் தாண்டி முக்திநாத் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்கள். நேபாளத்தைச் சேர்ந்த வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் அவர்களில் இருந்தார்கள். அக்டோபர்தான் நடைக்கு மிகச் சிறந்த மாதம் என்று உலகமே சொல்கிற மாதம், நீங்கள் போகிற அதே மாதம்.

கணவாயை அடைந்ததும் கஷ்டம் முடிந்தது என்று மனம் தளர்ந்துவிடுகிறது. பாதையின் நீளத்தில் பாதிக்கு மேல் இன்னும் மீதமிருக்கும். முக்திநாத் பக்கம் மேலே மரமோ சுவரோ கிடையாது. பார்வை மறைந்தால் பாதையும் சரிவும் ஒன்றாகிவிடும். எனவே மனாங்கிலேயே மூன்று நாள் வானிலையைக் கேளுங்கள். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். இருந்தால் மனாங்கிலேயே உட்காருங்கள். ஃபேடியில் அதிகாலை பனி கொட்டிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் எல்லாம் கிளம்பினாலும் கிளம்பாதீர்கள். திட்டத்தில் இரண்டு நாள் சும்மா வைத்திருந்தால்தான் இந்த முடிவை எடுக்கும் தைரியம் வரும். விமானத்தை இறுக்கிப் பதிவு செய்தவர்களால் அதை எடுக்க முடிவதில்லை.

---

சுமைதோள்

பனிமுகடு சொன்னதோட ஒன்னு சேர்க்கிறேன். நீங்க போர்ட்டர் வச்சுக்கப் போறீங்கன்னா, உங்க அக்காவோட முட்டியைப் பத்தி யோசிக்கிற அளவுக்கு அவரோட முட்டியைப் பத்தியும் யோசியுங்க. அவரும் அதே 1,650 மீட்டர் இறங்குறார், நெத்திப் பட்டையில சுமையோட. நேபாளத்துல 30 கிலோங்கிறது மேல் வரம்பா சொல்லப்படுது. அது வரம்புதான், அவ்வளவு ஏத்தணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து 18, 20 கிலோவுக்குள்ள அடக்கப் பாருங்க. அவரோட சொந்தச் சாமானும் அதுக்கு மேல இருக்கும். கிளம்பும் முன்னாடி அவர் காலைப் பாருங்க: ஷூ தேய்ஞ்சிருக்கா, கையுறை, குளிர் கண்ணாடி இருக்கா? இல்லைன்னா கிளம்புற ஊர்லயே வாங்கிக் கொடுங்க. கணவாய்ல போய் யாரும் வாங்க முடியாது.

---

மாலைவெயில்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முட்டி தேய்மானம் உண்டு, இந்தப் பாதையை நடந்திருக்கிறேன். தம்பிகள், தங்கைகள் சொல்லாத சின்ன விஷயங்கள் சில.

நகம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை நேராக, குட்டையாக வெட்டுங்கள். இறக்கத்தில் கால் ஷூவுக்குள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். பெருவிரல் நகம் ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும். முதல் மணி நேரம் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஷூவின் அளவு இல்லை, லேஸ்தான். கணவாயில் உட்கார்ந்து லேஸை முழுக்கத் தளர்த்துங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிக் கால் பின்னால் போய் உட்காரும்படி செய்யுங்கள். விரல் பக்கம் தளர்வாகவும், கணுக்கால் மடிப்பில் இறுக்கமாகவும் கட்டுங்கள். அந்த மடிப்பில் ஒரு கூடுதல் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் அந்த இறுக்கம் அவிழாது. சராபில் மறுபடி ஒரு முறை கட்டுங்கள். மேலே கை விறைத்திருக்கும், அவசரமாக இருக்கும், ஆனாலும் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று தண்ணீர். ஏறும்போது குடிப்பவர்கள் இறங்கும்போது குடிப்பதில்லை, தாகம் தெரியாது. அந்தப் பக்கம் மலை காய்ந்து கிடக்கும், மழை மறைவுப் பகுதி. காற்றே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். முட்டி என்ன சொல்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

---

குறிஞ்சிமலர்

மாலைவெயில் அம்மா, இந்த லேஸ் கட்டுறதை இன்னைக்கே பழகப் போறோம். நன்றி.

மனாங்ல ஓய்வு நாள் அன்னைக்கு ஐஸ் லேக் போய் வரலாம்னு கைடு சொல்றார். 4,600 மீட்டர் போய்த் திரும்பணும். உடம்பு உயரத்துக்குப் பழகும், இறக்கத்துக்கும் ஒத்திகை ஆகும்னு தோணுது. சரியா?

---

வேகநடை

கண்டிப்பா போங்க. ஆயிரம் மீட்டர் இறக்கம், முட்டி எப்படின்னு அங்கயே தெரிஞ்சிடும். தோரோங் லாவுல முதல் தடவையா தெரிஞ்சுக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்.

---

இயன்முறைப்பணி

அக்காவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனாங், அடுத்த நாள் யாக் கார்க்கா, அதற்கடுத்து ஃபேடி, அதற்கடுத்த நாள் கணவாய். ஐஸ் லேக்கில் தொடை நன்றாக அடிபட்டால் வலி உச்சத்துக்கு வருவது யாக் கார்க்காவுக்கும் ஃபேடிக்கும் இடையில். தசையின் வலு முழுக்கத் திரும்புவதற்குள் கணவாய் வந்துவிடும். ஒத்திகையை ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். மனாங்கில் உயரம் பழக, ஊருக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருக்கும் ப்ராகென் கோம்பா என்ற பௌத்த மடம் போதும். முட்டி வலி இல்லாத, ஊரில் ஒழுங்காக இறக்கம் பழகியவர்கள் ஐஸ் லேக் போகலாம்.

---

வேகநடை

இந்த நாள் கணக்கை நான் யோசிக்கல. முட்டி பிரச்சினை உள்ளவங்களுக்கு நீங்க சொல்றதுதான் சரி.

---

நெடுவழி

அடுத்த நாளைப் பத்தியும் திட்டம் போட்டுக்கோங்க. முக்திநாத்துக்குக் கீழ வர்ற காக்பேனி ஊரோட உயரம் சுமார் 2,800. அதாவது மறுநாளும் 900 மீட்டருக்கு மேல இறக்கம், தொடை வலி ஏறிக்கிட்டிருக்கிற நேரத்துல. சுத்தமான நடைன்னா ஜீப் ஏறக் கூடாதுன்னு சிலர் பிடிவாதமா இருப்பாங்க. சர்க்யூட்டோட உயிரே அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல இருக்குன்னு நானும் நம்புறவன், நடக்கணும்னுதான் சொல்வேன். ஆனா நடுவுல ஒரு நாள் முக்திநாத்ல ஓய்வு எடுத்துட்டு நடங்க. ஓய்வுக்கு நாள் இல்லைன்னா ஜோம்சோம் வரைக்கும் ஜீப்ல போறதுல எந்தக் குறையும் இல்ல.

காக்பேனிக்கும் ஜோம்சோமுக்கும் நடுவுல காளி கண்டகி பள்ளத்தாக்குக் காத்து முற்பகல் முடியுறதுக்குள்ள ஆரம்பிச்சிடும். தெற்கிலிருந்து வடக்கா, உங்க முகத்துக்கு நேரா, மண்ணை வாரி அடிக்கும். அந்தத் துண்டை விடியக்காலைல கிளம்பி முடிச்சிடுங்க.

---

குறிஞ்சிமலர்

எல்லாம் சேர்த்து இப்போ திட்டம் இது: ஊர்ல எட்டு வாரம் படி இறங்கும் பயிற்சி, மருத்துவர் சரின்னு சொன்னா மட்டும். மனாங்ல ரெண்டு ராத்திரி, ப்ராகென் கோம்பா மட்டும். ஃபேடியில நிலைமை பார்த்து ஹை கேம்ப். சராபுல ஒரு மணி நேரம், எழுந்து பார்த்து முடிவு. முக்திநாத்ல ஒரு முழு நாள் ஓய்வு. கடைசியில ரெண்டு நாள் கையிருப்பு, விமானம் அதுக்கப்புறம்தான்.

அக்கா ஒன்னு கேக்கச் சொன்னாங்க. முக்திநாத் கோயில்ல 108 தாரையிலயும் குளிக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. இறங்கி வந்த சாயங்காலமே போகலாமா?

---

மாலைவெயில்

தரிசனம் அன்றைக்கே செய்யலாம். கணவாயிலிருந்து வரும் பாதை கோயில் பக்கமாகத்தான் வருகிறது, தங்கும் விடுதிகள் எல்லாம் அதற்குக் கீழே ராணிபௌவா கிராமத்தில். குளியல் மட்டும் வேண்டாம். அந்தத் தண்ணீர் எலும்புக்குள் இறங்கும் குளிர். பகல் முழுக்க நடந்து, சரியாகச் சாப்பிடாமல், உடல் சூடு குறைந்திருக்கும் நேரத்தில் 108 தாரைக்கு அடியில் ஓடுவது நல்லதில்லை. தரை ஈரம், தொடை தள்ளாடும், வழுக்கிவிடும். ஓய்வு நாளன்று வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள். மாற்று உடையும் தலைக்குக் கம்பளித் தொப்பியும் கையில் தயாராக இருக்கட்டும். விடுதியிலிருந்து கோயிலுக்குப் படி ஏற வேண்டும், அது அவ்வளவாக வலிக்காது. திரும்பி இறங்கும்போது கைப்பிடி இருக்கும் பக்கமாக, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கச் சொல்லுங்கள். ஊன்றுகோலை அன்றைக்கும் கொண்டு போகட்டும்.